கேசமும் கேஸும்

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை அத்தியாயம் வெளிவந்த அன்றைக்கே எனக்கு மூன்று தொலைபேசி அழைப்புகள். மூன்றும் திட்டுத்தான். எங்கள் பெண் ஒருத்திக்கு எதிராக வினோஜாவைச் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறீரே, உமக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதா என்று லவாலிலிருந்து ஒரு அம்மா கேட்டார். கொஞ்சம் பொறுங்கோ அம்மா, ஏறினவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கோ என்றேன். அவர் சமாதானமாகவில்லை.

ஆசிரியருக்கு வேறு கவலை. இந்த அத்தியாயத்தில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறதாம். குடும்பங்கள் வாசிக்கிற பத்திரிகையாம். அதை 'முடி' என்று மாற்றிவிடலாமே என்றார். மாற்றினால் கதையே இல்லை என்று சொல்லிவிட்டேன். வாசித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் பேரின்பநாதனுக்கும் செல்வமலருக்கும் ஒரே மகள் வினோஜா. இருபத்தொன்பது வயது. குற்றவியல் ஆய்வுகூடத்தில் மூன்று வருடமாக வேலை. களவும் கொலையும் நடந்த இடங்களில் அகப்படுகிற மயிர்களை நுணுக்குக்காட்டியில் வைத்து, இது மனிதனுடையதா நாயினுடையதா, உதிர்ந்ததா பிடுங்கியதா, சந்தேகத்தில் பிடிபட்டவரின் தலைமயிரோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுகிறாள்.

எந்தத் தகப்பனும் மார்தட்டிக்கொள்ளக்கூடிய உத்தியோகம். பேரின்பநாதனுக்கு மட்டும் அந்தச் சொல் தொண்டையில் நிற்கும். மகளுக்கு வேலை கிடைத்த புதிதில், பலசரக்குக் கடை வாசலில் வைத்து, அங்கே எப்போதும் நிற்கிற இரவிச்சந்திரன், "இவ்வளவு படிச்சுப்போட்டு மகள் மயிர் புடுங்கிற வேலைக்கோ போறா?" என்று கேட்டுவிட்டார். நின்ற ஆறு பேரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யார் விசாரித்தாலும் 'லாப்பிலை பெரிய பதவி' என்பதோடு பேரின்பநாதன் வாயை மூடிக்கொள்வார்.

இனி வழக்கு. சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பூட்டிய களஞ்சிய அறையில் வலிமாத்திரைகள் களவு போயின. கிழித்திருந்த பெட்டியின் ஒட்டுநாடாவில் மூன்று நீளமான கறுப்பு மயிர்கள் ஒட்டியிருந்தன. அங்கே பொதி கட்டுகிற மன்னார்ப் பெண் திரேசம்மா, அந்த அறைக்குள் தான் கால் வைத்ததே இல்லை என்கிறாள். பொலிஸ் அவளுடைய பின்னலில் ஒரு கற்றையை வெட்டி, வெட்டிய பக்கத்தை நூலால் கட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. வினோஜா பார்த்தாள். 'ஒத்திருக்கிறது' என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லிலேதான் வழக்கு நிற்கிறது.

திரேசம்மாவின் இரண்டு பிள்ளைகளும் மன்னாரில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் கைகூடிவருகிற நேரம். குற்றவாளி என்று தீர்ப்பானால் அந்த அலுவல் அதோடு சரி.

இன்று பின்னேரம் இரண்டு மணிக்கு வழக்கு. வினோஜா சாட்சி சொல்லப் போவது இதுதான் முதல் தடவை.

*

இரண்டு மணி வழக்குக்குக் காலை ஏழு மணிக்கே பேரின்பநாதன் கோட்டை அயன் பண்ணி முடித்துவிட்டார். செல்வமலர் வரமாட்டேன் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். எங்கட பொம்பிளையை உள்ளே தள்ளுகிறதைப் பார்க்க நான் எதற்கு என்று கேட்டவர். ஆனால் மகள் முதல் தடவையாக நீதிமன்றம் ஏறுகிறாள் என்றால் வீட்டில் இருக்கவும் மனம் கேட்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாயில் மூன்று கொண்டையூசிகளைக் கவ்விக்கொண்டு, கையில் இருந்ததோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கையில் இருந்தது சவுரி, விலைக்கு வாங்கிய மயிர்க் கற்றை. தலைமயிர் ஐதான நாள் தொட்டு, வெளியே போகிற நாட்களில் வைத்துக் கொண்டை போடுவார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வைப்பார். இன்றைக்கு அவசரத்தில் கதவு திறந்திருந்தது. வினோஜா தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றாள். அவளுக்குக் காது வரைக்கும் வெட்டிய தலைமயிர். சவுரி என்று ஒன்று வீட்டில் இருப்பது தெரியும், தொட்டுப் பார்த்தது கிடையாது.

"பாழ்படுவான் சாமான்," என்றார் செல்வமலர். "எத்தினைதரம் சீவினாலும் சிக்குத்தான். தலையிலை முளைச்சதெண்டால் எல்லாம் ஒரு பக்கம் பாத்து நிக்கும். இது ஆராருடைய தலையிலையோ கிடந்தது. ஒண்டு மேலை பாக்குது, ஒண்டு கீழை பாக்குது."

வினோஜா கோப்பையை மேசையில் வைத்தாள்.

"அம்மா, இதை வைச்சுப் பின்னினால் வெளியிலை தெரியுமோ?"

"தெரிஞ்சால் பேந்து ஏன் வைக்கிறது?"

பொலிஸ்காரருக்கும் தெரியாதோ என்று கேட்க வாய் வந்தது. வழக்கைப் பற்றி வீட்டில் கதைக்கக்கூடாது, அது அவளுடைய தொழிலின் கட்டுப்பாடு. கேட்கவில்லை. மேற்சட்டையைக் கொழுவிக்கொண்டு படியிறங்கினாள். தேத்தண்ணியைக் குடிக்காமல் போகிறாள், நாவூறுபட்டுவிட்டதாக்கும் என்று செல்வமலர் கணவனிடம் சொல்ல, பேரின்பநாதன் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். மகள் பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு பார்க் மெற்றோவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

*

மயிர் கண்ணுக்கு வழவழப்பாகத்தான் தெரியும். நுணுக்குக்காட்டியில் வைத்தால் அதன்மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகச் செதில் இருக்கும். செதிலின் விளிம்பு எப்போதும் நுனிப் பக்கம் பார்த்திருக்கும், வேர்ப் பக்கம் பார்க்காது. ஒரு தலையில் வெட்டி, வெட்டிய பக்கத்தை நூலால் கட்டிய கற்றை என்றால் அத்தனை செதிலும் நூலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும்.

வினோஜா நிறத்தைப் பார்த்திருந்தாள், தடிப்பைப் பார்த்திருந்தாள், நடுவில் ஓடுகிற கோட்டைப் பார்த்திருந்தாள். கற்றையிலிருந்து எடுத்த முப்பது மயிரும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசமாக இருக்கிறதே என்று குறிப்பில் எழுதியும் வைத்திருந்தாள். செதில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு பெண்ணின் பின்னலில் வெட்டியதில் அதை யார் பார்ப்பார்கள்?

ஆய்வுகூடத்தில் அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடைகளில் விற்கிற நிறமில்லாத நகப்பூச்சைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிதாகத் தடவி, அதில் மயிரை வைத்து, காய்ந்ததும் உரித்து எடுத்தாள். செதிலின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. நூல் கட்டிய பக்கம் எது என்று ஒவ்வொன்றிலும் அடையாளம் வைத்து, முப்பதையும் பார்த்து முடிக்கப் பத்தரை மணியாகிவிட்டது.

பதினேழு ஒரு பக்கம். பதின்மூன்று மறுபக்கம்.

அது ஒரு பெண்ணின் தலைமயிர் இல்லை. பல தலைகளின் மயிர். அப்படிக் கலந்த கற்றைக்குள் தேடினால் ஊரில் உள்ள எந்தக் கறுப்பு மயிருக்கும் ஒத்ததாக ஒன்றிரண்டு அகப்படத்தான் செய்யும். அவள் எழுதிய 'ஒத்திருக்கிறது' ஒரு சதத்துக்கும் பெறாது.

நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தன் பகுதியின் தலைவி மிஷ்லினிடம் போனாள். மிஷ்லின் தானும் பத்து அச்சைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு தரப்பு வழக்கறிஞருக்கும் இப்போதே அறிவிக்க வேண்டும், நீ விரும்பினால் உனக்குப் பதிலாக நான் போய்ச் சொல்கிறேன், முதல் சாட்சியிலேயே உன் பெயர் கெட வேண்டாம் என்றார்.

எழுதினது நான், நான்தான் போவேன் என்றாள் வினோஜா.

அரச சட்டத்தரணிக்கும் தொலைபேசியில் அவளே சொன்னாள். அவர், இதை வைத்து எதிர்த்தரப்பு உன்னைக் கிழித்துத் தொங்கவிடும், தெரியும்தானே என்று கேட்டார். அவள் தெரியும் என்றாள்.

*

நீதிமன்றத்தில் பேரின்பநாதனும் செல்வமலரும் ஒரு கரையில் இருந்தார்கள். பின் வரிசையில் இரவிச்சந்திரன். அவரை ஒருவரும் அழைக்கவில்லை. திரேசம்மாவுக்கு ஆதரவு என்று சொல்லிக்கொண்டு வந்தவர், முன்னால் குனிந்து பேரின்பநாதனின் காதுக்குள், எங்கட பிள்ளையை உள்ளே தள்ளவோ இவ்வளவு படிப்பிச்சனீங்கள் என்று கேட்டார். பேரின்பநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்துப்பட்டியை மட்டும் ஒருமுறை இறுக்கினார்.

வினோஜா கூண்டில் ஏறிப் பிரெஞ்சில் பேசத் தொடங்கினாள். தகப்பனுக்குப் பண்டகசாலைப் பிரெஞ்சுதான் தெரியும். பெட்டி, தூக்கு, கெதியாய், நாளைக்கு வா. அதற்கு மேல் தெரிந்த சொற்கள் ஐந்தாறு இருக்கும். அதில் ஒன்றை மகள் வாயால் கேட்டார். 'மொன் எறேர்.' பதினெட்டு வருடம் மேற்பார்வையாளருக்குத் தானே சொல்லிச் சலித்த சொல். என் பிழை.

அவருக்கு முகம் செத்துப்போனது. செல்வமலரின் கையைத் தேடிப் பிடித்தார்.

திரேசம்மாவுக்காக வந்த எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கிழிக்கவில்லை. கேள்விகளைக் கேட்டுவிட்டு வழிவிட்டு நின்றார். அரச சட்டத்தரணிதான் விடவில்லை. வேலை தொடங்கி மூன்று வருடம்தானே, இன்று காலைதானே கண்டுபிடித்தீர், போன மாதம் நிச்சயமாக இருந்தீரே என்று சுற்றிச் சுற்றி வந்தார். வினோஜா நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றாள். போன மாதம் நான் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்கவில்லை, இன்று பார்த்தேன், இரண்டும் உண்மை என்றாள். பின்பு இறங்கி வந்து தாய்க்கும் தகப்பனுக்கும் பக்கத்தில் இருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன.

அடுத்து திரேசம்மாவை அழைத்தார்கள். அவளுக்கு மொழிபெயர்க்க யோசெப் மாஸ்டர் இருந்தார். ஊரில் தமிழ் படிப்பித்தவர். இங்கே நீதிமன்றத்துக்கும் பொலிசுக்கும் மொழிபெயர்க்கிறவர். கோபத்தில்கூட ஒரு கொச்சைச் சொல் பேசாத மனிதர்.

அரச சட்டத்தரணி ஒரு பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். அன்று பொலிசில், யோசெப் மாஸ்டர் தொலைபேசியில் மொழிபெயர்க்க, வெட்டியது முழுவதும் தன்னுடைய தலைமயிர்தான் என்று திரேசம்மா ஒப்பமிட்ட பத்திரம். அப்படியென்றால் நிபுணர் சொல்கிற மற்றத் தலைகள் எங்கிருந்து வந்தன? அது வேறு யாருடையதும் கலக்காத, அவளுடையதுதானா என்று இப்போது கேளுங்கள் என்றார்.

யோசெப் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அது உங்களுடைய கேசம்தானே? வேறு ஒருவருடையதும் கலக்கவில்லையே?"

திரேசம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ஓம் ஐயா, என்ரை கேஸ்தான். ஏன் வேற ஆக்களை இதுக்குள்ளை இழுப்பான்? நான் ஒருத்தி படுறது காணும்."

மாஸ்டருக்குக் கடைசி வசனம் கொஞ்சம் இடறியது. ஆனாலும் ஓம் என்று சொல்லிவிட்டாளே. தன்னுடையதுதான், மற்றவர்களுடையது இல்லை என்கிறாள் என்று பிரெஞ்சில் சொன்னார். அரச சட்டத்தரணி பத்திரத்தை மேசையில் வைத்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வினோஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

வினோஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேசம் என்ற சொல்லை அவள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. நுணுக்குக்காட்டி பொய் சொல்லாதே, இவ ஏன் இப்படிச் சொல்கிறா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

விளங்கியது தகப்பனுக்கு. 'கேசம்' என்று மாஸ்டர் கேட்கிறார். 'கேஸ்' என்று அவள் மறுமொழி சொல்கிறாள். இன்றைக்கும் அதுதான். அன்றைக்குப் பொலிசிலும் அதேதான் நடந்திருக்கும். முன்பின் தெரியாத பெண்ணிடம், பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்க, அந்தச் சொல்லை வாயால் சொல்ல மாஸ்டர் கூசியிருக்கிறார். மூன்று வருடமாகத் தானும் கூசியவர்தானே, அந்தக் கூச்சம் எப்படிப்பட்டது என்று பேரின்பநாதனுக்குத் தெரியாதா?

எழும்பி நின்றுவிட்டார்.

"மாஸ்டர், அவவுக்கு விளங்கேல்லை. மயிர் எண்டு கேளுங்கோ."

மண்டபத்தில் இருந்த எட்டுப் பத்துத் தமிழரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். காவலர் இவரை நோக்கி வந்தார். நீதிபதி, நரைத்த தலை அம்மா, கையை உயர்த்திக் காவலரை நிறுத்தி, அவர் சொன்னது என்ன என்று மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டரின் காது நுனி வரைக்கும் சிவந்துவிட்டது. நான் பாவித்தது புத்தகச் சொல், சாதாரணச் சொல்லைப் பாவிக்கும்படி அவர் சொல்கிறார் என்றார். நல்ல மனிதர், ஒளிக்கவில்லை. அப்படியானால் சாதாரணச் சொல்லிலேயே கேளுங்கள் என்றார் நீதிபதி. பேரின்பநாதனை இருக்கச் சொன்னார், இனி வாய் திறந்தால் வெளியேதான் என்றும் சொன்னார்.

"மயிர், அம்மா," என்றார் யோசெப் மாஸ்டர். "அண்டைக்குப் பொலிஸ் வெட்டின பின்னல். அது முழுக்க உங்கடை தலையிலை முளைச்ச மயிரோ?"

"அதையோ கேட்டவை?" திரேசம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாதிதான் ஐயா என்ரை. மிச்சம் சவுரி."

சொல்லிக்கொண்டே கையைப் பின்னுக்குக் கொண்டுபோய் ஊசிகளைக் கழற்றி, பின்னலுக்குள் கிடந்த சவுரியை உருவிக் கூண்டின் மரச்சட்டத்தில் போட்டாள். மிஞ்சிய பின்னல் சுண்டுவிரல் தடிப்பில் தோளோடு நின்றது. அத்தனை பேருக்கு முன்னால் அதைச் செய்ய ஒரு பெண்ணுக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று செல்வமலருக்குத் தெரியும். தன்னுடைய கொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரச சட்டத்தரணி அரைமணி நேரம் அவகாசம் கேட்டார். திரும்பி வந்து, வழக்கை மீளப்பெறுகிறோம் என்றார்.

*

வெளியே நடையில் இரவிச்சந்திரன், வந்தவர் போனவர் எல்லோருக்கும் வினோஜாவைத் தான் தூக்கி வளர்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேரின்பநாதன் நேரே அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"என்ரை மகள் மயிர் பாக்கிறவள்," என்றார். "அது எந்தப் பக்கம் பாக்குதெண்டும் பாக்கிறவள். பிழை விட்டால் எழும்பி நிண்டு சொல்லுறவள். இனி ஆரும் கேட்டால் இதைச் சொல்லு."

இரவிச்சந்திரன் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்றார். வேறு என்ன சொல்வார்?

திரேசம்மா சவுரியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வினோஜாவிடம் வந்தாள்.

"முதல் அப்பிடி எழுதினதும் நீங்கள்தானே பிள்ளை?"

"ஓம் அக்கா. நான்தான்."

"ஒரு மாதமா நான் நித்திரை கொள்ளேல்லை."

வினோஜா தலை குனியவில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா என்று மட்டும் சொன்னாள். திரேசம்மா அவளுடைய கையை ஒருதரம் அழுத்திப் பிடித்துவிட்டு, பிள்ளைகளுக்கு மன்னாருக்குப் போன் எடுக்கவேண்டும் என்று படியிறங்கிப் போனாள்.

மெற்றோவுக்குப் போகிற வழியெல்லாம் பேரின்பநாதனின் வாய் ஓயவில்லை. நீதிபதி தன்னை அடக்கியதைக்கூட ஒரு பரிசு வாங்கியது போலத்தான் சொன்னார். செல்வமலர், உங்கடை மகளுக்கு விஷயத்தைக் காட்டிக் குடுத்ததே என்ரை சவுரிதான், அதையும் ஊருக்குச் சொல்லுங்கோ என்றார். பேரின்பநாதன் சொல்கிறேன் என்றார், சவுரி வைக்கிறதை ஊருக்குச் சொல்லலாமா என்று பிறகு ஒருதரம் கேட்டும் வைத்தார். வினோஜா சிரிக்கவில்லை. மெற்றோ மேடையில் நின்றபடி பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"அப்பா, இந்த மூண்டு வருசத்திலை நான் எழுதின அறிக்கை நாப்பத்தொண்டு. எல்லாத்தையும் திருப்பிப் பாக்கப்போறன் எண்டு மிஷ்லினிட்டைக் கேட்டிருக்கிறன். வேரோடை எடுத்ததிலை வாங்கின மயிர் வராது. வேரில்லாமல் வெட்டி அனுப்பினது நாலு. இண்டையானோடை ஒண்டு முடிஞ்சுது. இன்னும் ரெண்டு வேற சாட்சியிலை தீர்ந்தது."

"மற்றது?"

"ஒரு ஹெயிட்டிப் பொம்பிளை. தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல். அதிலை ஒரு பின்னலை அப்பிடியே வெட்டி அனுப்பினவை. அவையும் வாங்கின மயிர் சேர்த்துத்தான் பின்னுறவை. நான் 'ஒத்திருக்குது' எண்டு எழுதினனான்."

"அவ இப்ப எங்கை?"

"மறியலிலை. ரெண்டு வருசமா உள்ளை இருக்கிறா."

ரயில் வந்தது. கதவு திறந்தது. மூவரும் ஏறவில்லை. கதவு மூடி ரயில் போனது.

அவவுக்குப் பிள்ளைகள் இருக்கோ என்று செல்வமலர் கேட்டார். தெரியாது அம்மா, அது எங்களுக்கு வருகிற பத்திரத்தில் இருக்காது என்றாள் வினோஜா. சொல்லும்போதே குரல் உடைந்தது. இன்று முழுவதும் உடையாத குரல்.

பேரின்பநாதன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிரெஞ்சு எழுத்து, அவருக்கு ஒன்றும் ஓடாது. ஆனாலும் மேலிருந்து கீழ் வரை பார்த்து, மடித்து, மகளின் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலமை முதல் வேலையா அதை எடு பிள்ளை. பிழையெண்டால் பிழையெண்டு எழுதிக் குடு. கூண்டிலை ஏறச் சொன்னால் ஏறு. திகதியை மட்டும் எனக்குச் சொல்லு, நான் லீவு போட்டிட்டு வாறன்."